வெண்ணெய் முகம்

அத்தியாயம் 17

ஆகஸ்ட் கடைசி வாரம். வெளியே செருப்பில் தார் ஒட்டுகிற வெயில். உள்ளே, கண்ணாடி அறையில், பத்தொன்பது வயது பெரிட் கம்பளிக் கோட்டும் கையுறையும் தலையில் சின்னக் கிரீடமுமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். அறைதான் சுற்றியது. குளிர்பெட்டிபோல் சில்லிட்ட அறை. நடுவில் ஒரு பெரிய வெண்ணெய்ப் பாளம், அதன் முன்னால் கத்தியும் கம்பி வளையமுமாக மாவிஸ் அம்மாள். சுற்றி நின்ற ஜனங்கள் காகிதக் கூம்பிலிருந்து எதையாவது எடுத்து மென்றபடி வேடிக்கை பார்த்தார்கள். அறை ஆடி அசைந்து ஒரு சுற்று வர மூன்று நிமிஷம் ஆனது.

லோர்னா அந்தக் கூடத்தின் ஒரு தூணோரமாக நின்றாள். பெரிட்டின் முகம் வரும், ஒரு கணம் அவளைத் தாண்டும். பிறகு கன்னம், காது, பின்னல், முதுகு என்று நழுவிப் போய்விடும். உள்ளே பேசுவது வெளியே கேட்காது, வெளியே பேசுவது உள்ளே கேட்காது. எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் இருந்தது. இப்படியே நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டால் தேவலை என்று லோர்னா நினைத்தாள்.

போன வாரம் ஊருக்குப் போய்விட்டுப் படிக்காமல் விட்டவர்களுக்காக ரெண்டு வார்த்தை.

பால் பண்ணைப் பெண்களுக்கான பால் இளவரசிப் போட்டியில் கடைசிச் சுற்றுக்கு வருபவர்களுக்கு மினசோட்டா மாநிலப் பொருட்காட்சியில் வெண்ணெயில் அவரவர் தலையையே செதுக்கித் தருவார்கள். தலையை வீட்டுக்கே எடுத்துப் போகலாம். சில வீடுகளில் கல்யாண விருந்துக்கு அதை உருக்குவார்கள். சில வீடுகளில் சர்ச்சில் நடக்கும் சோள விருந்துக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆரின் ஸ்கோலன் மட்டும் தன் முதல் மனைவி சோல்வேயின் தலையை ஒரு போர்வையில் சுற்றி, நிலவறைக் குளிர்பெட்டியில் இருபத்துநாலு வருஷம் வைத்திருந்தார். சோல்வே இறந்துபோய் மூன்று வருஷம் ஆன பிறகும் வைத்திருந்தார்.

லோர்னா இந்த ஏப்ரலில்தான் அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். டவுனில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். சோல்வேயும் ஒரு காலத்தில் கண்ணாடி அறையில் உட்கார்ந்தவள் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் சோல்வேயைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. ஆரினுக்கும் சோல்வேக்கும் பிறந்த பெரிட்டின் தலை வரப்போகிறதே, இடம் வேண்டுமே என்று இந்த மாத ஆரம்பத்தில் லோர்னா குளிர்பெட்டியை ஒழித்தாள். பாவம், நல்ல எண்ணம்தான். அடியில் போர்வை சுற்றிய வெண்ணெய்க் கட்டி ஒன்று கிடந்தது. பால் பண்ணையில் வெண்ணெய் கிடப்பது ஒரு அதிசயமா? சோள விருந்துக்கு வெண்ணெய் கேட்டிருந்தார்கள், தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

சர்ச் சமையலறைப் பொறுப்பில் இருந்த ஆர்டிஸ் போர்வையைப் பிரித்தபோது தலையின் மூக்கும் வாயும் எப்போதோ மழுங்கிப் போயிருந்தன. மேலே பழுப்பேறிய ஒரு விரல் கனத்தைச் சுரண்டிவிட்டு மீதியை அண்டாவில் உருக்கினாள். ஊரே அதில் சோளக் கதிரை முக்கி முக்கித் தின்றது. லோர்னாவும் தின்றாள். எல்லாம் முடிந்து பாத்திரம் கழுவும்போது ஆர்டிஸ் போர்வையை மடித்து அவள் கையில் கொடுத்து, "ஒருவழியா ஆரினுக்கு மனசு வந்துச்சே. சோல்வேயை இத்தனை வருஷம் அடைகாத்தாரு" என்றாள். அந்தப் போர்வையும் கையுமாகத்தான் போன வாரம் லோர்னாவை விட்டோம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று வாரம் ஓடிவிட்டது.

நேற்று சாப்பாட்டு மேஜையில் பெரிட் ஒன்று கேட்டாள். "அப்பா, நாளைக்கு அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. என் தலைக்குப் பக்கத்துல வெச்சு ஒரே ஒரு போட்டோ. மாவிஸ் அம்மா சரின்னுட்டாங்க. எங்க அம்மாவைச் செதுக்கினதும் அவங்கதானாம்."

ஆரின் தட்டைப் பார்த்தபடி, "காலைப் பால் கறந்துட்டுக் கொண்டு வரேன் கண்ணு" என்றார்.

பண்ணையிலிருந்து இங்கே வர இரண்டு மணி நேரம். பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவார். அதற்குள் லோர்னா சொல்லியாக வேண்டும். சொன்னால் இந்தப் பெண் இனி ஜென்மத்துக்கும் அவள் முகத்தில் விழிக்கமாட்டாள். ஏப்ரலிலிருந்து லோர்னா ஏங்கிக் கிடந்ததெல்லாம் அந்த முகம் தன் பக்கம் ஒருதரம் திரும்பாதா என்றுதான்.

பத்தரை மணிக்கு அறை நின்றது. மாவிஸ் அம்மாள் கத்தியைத் துடைத்து வைத்தாள். பின்பக்கக் கதவு வழியாகப் பெரிட் வெளியே வந்து, கைகளை உரசிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"கால் மணி நேரம் விட்டிருக்காங்க. மூக்கு முடிஞ்சுதாம். எனக்குத்தான் என் மூக்கு இருக்கா இல்லையான்னே தெரியல."

"இரு, சூடா எதாவது வாங்கிட்டு வரேன்" என்று ஓடினாள் லோர்னா. மாவில் தோய்த்துப் பொரித்த பாலாடைக்கட்டி ஒரு கூம்பு நிறைய வாங்கி வந்தாள். எண்ணெய் காகிதத்தில் ஊறிக்கொண்டிருந்தது. ஸ்கோலன் குடும்பத்துக்குப் பொருட்காட்சியில் முதல் வாய் அதுதான். அந்தச் சட்டத்தை மாற்ற அங்கே ஒருவருக்கும் தைரியம் கிடையாது.

பெரிட் கையுறையைக் கழற்றினாள். விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. ஒரு துண்டை எடுக்கப் பார்த்தாள், நழுவி மடியில் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது.

"லோர்னா."

"என்ன?"

"விரல் மரத்துப் போச்சு. ஊட்டி விடறீங்களா?"

இந்த ஐந்து மாதத்தில் அந்தப் பெண் அவளிடம் கேட்ட முதல் உதவி அது. உப்பு வேண்டும், சாவி வேண்டும் என்பதெல்லாம் கணக்கில் சேராது. லோர்னா ஒரு துண்டை எடுத்து, ஊதி, பெரிட்டின் வாயில் வைத்தாள். உருகிய கட்டி நூலாக நீண்டு இழுபட்டது. பெரிட் தலையைப் பின்னால் சாய்த்து அதைப் பிடித்துச் சிரித்தாள். கிரீடம் ஒரு பக்கமாகச் சரிந்தது. லோர்னா அதைச் சரி செய்தாள்.

"இன்னொண்ணு."

"சூடு. மெதுவா."

"அம்மா ஊதவே மாட்டாங்க. அப்படியே வாயில போட்டுட்டு, நாக்கு சுட்டா கத்தக் கூடாதும்பாங்க."

லோர்னாவின் கை பாதியில் நின்றது. இதுதான் சமயம், இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. "பெரிட், நான் உன்கிட்ட..." என்று ஆரம்பித்தாள்.

"அப்பா வந்ததும் எனக்குக் கையைக் காட்டுங்க. சுத்தி வரும்போது பாத்துக்கறேன்." பெரிட் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நாலு மாசமா நினைச்சுட்டே இருந்தேன் லோர்னா. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல. அம்மாக்கும் அப்ப பத்தொன்பதுதான்."

கதவு மூடியது. அறை மறுபடி சுற்ற ஆரம்பித்தது. லோர்னாவின் கையில் பாதிக் கூம்பு மிச்சமிருந்தது.

அவளால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே நடந்தாள்.

வெயிலில் ஜனங்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே கம்பியில் ஓடும் நாற்காலிகளில் சவாரிக்காரர்கள் கால்களை ஆட்டிக்கொண்டு போனார்கள். ஒரு கிழவர் குச்சியில் குத்திய பன்றிக்கறியைக் கையில் பிடித்துக்கொண்டு, அதைத் தின்பதையே மறந்து நின்றார். ஒரு குடும்பமே வாளி நிறைய பிஸ்கோத்தை நடுவில் வைத்துக்கொண்டு புல்லில் தூங்கிவிட்டது. குட்டி டோனட்டுகள் எண்ணெய் வாய்க்காலில் வரிசையாக நீந்தி, தாமே குப்புறப் புரண்டு, சர்க்கரையில் போய் விழுந்தன. லோர்னா அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றாளோ. "வாங்கறீங்களா, சும்மா வரிசையை அடைக்கிறீங்களா?" என்று பின்னால் ஒருத்தி கேட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

அடுத்தது சுட்ட சோளக் கதிர்க் கடை. கரி வாசனையும் பால் வாசனையும் ஒன்றாக அடித்தன. கடைக்காரன் கதிரின் தோலைப் பின்னால் உரித்து, அதையே பிடியாக வைத்து, உருகிய வெண்ணெய்த் தொட்டியில் தலைகீழாக முக்கி எடுத்தான். மஞ்சளாக வழிந்தது.

லோர்னா கையிலிருந்த பாதிக் கூம்பைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். சோள விருந்தன்று தானும் விரலை நக்கிக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அதை விடக் கேவலம், அன்று அவளுக்கு அந்த ஊர் முதல் தடவையாகப் பிடித்திருந்தது. நானும் இங்கே ஒருத்தி என்று தோன்றியது. எதைத் தின்றுவிட்டு அப்படித் தோன்றியது என்று நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது திரும்பினாள். பெஞ்சில் ஆரின் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, பால் கறந்த கையோடு கிளம்பியதில் ஒரு காதில் வைக்கோல் தூசி. காலடியில், கையில் தூக்கிப் போகும் நீல நிற ஐஸ் பெட்டி.

அது கனமாக இருந்ததை, தரையில் அது உட்கார்ந்திருந்த விதத்திலேயே லோர்னா கண்டுகொண்டாள். உள்ளே இருக்க வேண்டிய தலைதான் உருகிவிட்டதே.

"ஆரின், இதுல என்ன இருக்கு?"

"நம்ம வீட்டு ஃபிரிஜ்ல இருந்த வெண்ணெய் பூரா. வழியில ஒரு கடையில இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டேன். வெயில்ல உருகிக் கிடக்கு." அவர் அவளைப் பார்க்கவில்லை. "வண்டியில வெயில் படற பக்கமா வெச்சுட்டேன், மூடி சரியா மூடல, தலை உருகிடுச்சுன்னு பெரிட்கிட்ட சொல்லிடறேன். என் தப்புன்னு போகட்டும்."

லோர்னா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். ஐஸ் எடுக்கச் சமையலறைக்குள்ள போனேன். ஜன்னல் மேடையில போர்வை கிடந்துச்சு. எங்க கல்யாணப் போர்வை அது. அண்டாவைப் பார்த்தேன். பாதி காலியாயிருந்துச்சு."

"அப்புறம் ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொல்லல. நாளாக நாளாக எனக்கும் வாய் வரல." அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "வெளியே வந்து பாத்தா பெரிட் நாலாவது கதிரைக் கடிச்சிட்டிருக்கா. தாடையெல்லாம் வழியுது. வெண்ணெய் இன்னிக்கு நல்லா இருக்குப்பான்னா. அவ அம்மா போனதுலேர்ந்து அந்தப் பொண்ணு வயிறு நிறையச் சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல. கையிலேர்ந்து எப்படிப் பிடுங்குவேன், நீயே சொல்லு. அங்க நிக்க முடியாம டிராக்டரை எடுத்துட்டுப் போய்ட்டேன்."

லோர்னா அவர் கையைப் பிடித்தாள். அவள் மேல் அவர் கோபப்பட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"அவ என்னை மன்னிச்சுடுவா, நான் அப்பன்" என்றார் ஆரின். "உன்னை மன்னிக்கமாட்டா. அதனால நீ பேசாம இரு."

கண்ணாடிக்குள் முகம் சுற்றி வந்தது. பெரிட் பெஞ்சைப் பார்த்தாள், நீலப் பெட்டியைப் பார்த்தாள். அசையக் கூடாது என்று மாவிஸ் அம்மாள் சொல்லியிருந்ததால் தலையைத் திருப்பவில்லை. கண் மட்டும் மலர்ந்தது, மலர்ந்தபடியே தாண்டிப் போனது.

பன்னிரண்டரைக்கு அறை நின்றது. பெரிட் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து பெட்டிக்கு முன்னால் மண்டி போட்டாள்.

"அம்மா வந்தாச்சா?"

"கண்ணு, ஒரு தப்பு நடந்து போச்சு" என்றார் ஆரின். "வண்டியில நான் இதை..."

"அவரு ஒண்ணும் பண்ணல" என்றாள் லோர்னா.

தன் குரல் இவ்வளவு தெளிவாக வரும் என்று அவளே நினைக்கவில்லை. பஸ்ஸில் நாற்பது பிள்ளைகளை உட்கார வைக்கிற குரல் அது.

"நான்தான் பெரிட். உன் தலைக்கு இடம் பண்ணப் போய், என்னன்னு தெரியாம எடுத்து சோள விருந்துக்குக் கொடுத்துட்டேன். உருக்கிட்டாங்க. சாயங்காலமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. பயத்துல சொல்லல. உன்கிட்ட அன்னிக்கே வந்து சொல்லியிருக்கணும்."

பெரிட் மண்டியிட்டபடியே இருந்தாள். பெட்டியின் மூடிமேல் இருந்த கை அப்படியே இருந்தது. பக்கத்தில் யாரோ குழந்தைக்குப் பால் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தைக்கு விக்கல் எடுத்தது.

"சோள விருந்துக்கா?"

"ஆமா."

"நான் நாலு கதிர் தின்னேன்."

லோர்னா தலையை ஆட்டினாள்.

"நல்லா இருக்குன்னு ஆர்டிஸ் கிட்டப் போய் வேற சொன்னேன்." பெரிட் கையுறையால் வாயைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். "நீங்க?"

"மூணு."

"எல்லாரும் தின்னாங்க. பாஸ்டர் தின்னாரு. அந்த ஹாக்கன்சன் பசங்க ஆளுக்கு ஆறு." அவள் பேசிக்கொண்டே போனாள். திடீரென்று நிறுத்தினாள். மெதுவாகத் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க தின்னல."

ஆரின் பெட்டியின் கைப்பிடியை நிமிர்த்தினார், மறுபடி சாய்த்தார்.

"வயிறு சரியில்லன்னீங்க. டிராக்டரை எடுத்துட்டுப் போய்ட்டீங்க. நீங்க சோளத்தை வேண்டாம்னு சொல்லி நான் பாத்ததே இல்ல. அம்மாவைப் புதைச்ச அன்னிக்குக்கூட நீங்க சாப்பிட்டீங்க."

"கண்ணு..."

"தெரியும் உங்களுக்கு."

"ஆமாம்மா."

"தெரிஞ்சும் என்னைத் திங்க விட்டீங்க. இப்ப இந்தப் பெட்டியையும் தூக்கிட்டு வந்திருக்கீங்க."

லோர்னாவிடம் அவ்வளவு சொன்ன மனிதருக்குப் பெண்ணிடம் ஒரு சொல் வரவில்லை. நான் சொல்லட்டுமா என்று லோர்னா துடித்தாள். ஆனால் அது அவர் வாயால் வர வேண்டியது. தாடையில் வெண்ணெய் வழிய அந்தப் பெண் சாப்பிட்டதைப் பார்த்து அவர் நின்ற நிலையை வேறு யார் சொல்லியும் புரியவைக்க முடியாது.

மாவிஸ் அம்மாள் பின்கதவில் தலையை நீட்டினாள். "பெரிட், ஒரு கன்னம் பாதியில நிக்குது. வரியா, நாளைக்கு வெச்சுக்கலாமா?"

"வரேன்" என்று எழுந்தாள் பெரிட். முழங்காலைத் தட்டிக்கொண்டாள். லோர்னாவிடம் வந்து நின்றாள்.

"எனக்குக் கோபம் இல்லன்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கல."

"நிறைய இருக்கு. ஆனா நீங்கதான் என்கிட்ட நிஜத்தைச் சொன்னீங்க." அவள் கண் நிறைந்திருந்தது. "கிளம்பிடாதீங்க. அடுத்த தடவை வெளியே வரும்போது நீங்க இருக்கணும்."

அறை சுற்றத் தொடங்கியது.

லோர்னா தூணோரம் போய் நின்றாள். ஆரின் பெஞ்சோடு பெஞ்சாக இருந்தார். இரண்டுக்கும் நடுவே பத்தடி இருக்கும். பெரிட்டின் முகம் வந்தது. லோர்னாவைப் பார்த்தது, நேராக, இமைக்காமல். ஐந்து மாதம் அவள் ஏங்கிக் கிடந்த பார்வை. அடுத்த நொடி முகம் ஆரின் பக்கம் போனதும் பெரிட் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த சுற்றிலும் அதேதான். அவளுக்குத் திறந்த கண், அவருக்கு மூடிய கண். லோர்னாவுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதுவே வெட்கமாகவும் இருந்தது. இப்படிக் கிடைப்பது எனக்கு வேண்டாமே என்று இருந்தது.

"கண்ணாடியில ஆவி படிஞ்சிருக்கு, சரியாத் தெரியல" என்றார் ஆரின் பெஞ்சிலிருந்து. "லோர்னா, அவ என்னைப் பாக்கறாளா?"

இன்றைக்கு ஒரு பொய்யை மறித்தாகிவிட்டது. இன்னொன்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

"இல்ல ஆரின். உங்க பக்கம் வந்தா கண்ணை மூடிக்கறா."

அவர் தொப்பியைத் தலையில் வைத்தார். பிறகு பெட்டியைத் தூக்கினார். "நான் வண்டியில இருக்கேன். மாட்டுக்கும் நேரமாச்சு."

லோர்னா விடுவிடுவென்று போய்ப் பெட்டியைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். அவர் முழங்கையைப் பிடித்து இழுத்து வந்து, தூணோரம், தன் தோளோடு தோள் உரச நிற்க வைத்தாள். கூட்டத்தில் இரண்டு பேர் நகர்ந்து வழிவிட்டார்கள்.

"இங்க எதுக்கு?"

"இனிமே பாத்தா ரெண்டு பேரையும் சேர்த்துப் பாக்கட்டும். மூடினா ரெண்டு பேருக்கும் சேர்த்து மூடட்டும்."

"உனக்குக் கிடைச்சதையும் கெடுத்துக்காதே லோர்னா."

"பேசாம நில்லுங்க."

பின்னல் வந்தது. காது வந்தது. மாவிஸ் அம்மாளின் கத்தி மறைத்த இடத்திலிருந்து கன்னம் வெளிப்பட்டது. பெரிட் லோர்னாவைத் தேடினாள், கண்டாள், பக்கத்தில் நிற்கும் அப்பாவையும் கண்டாள்.

இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. மூடியபடியே முகம் அவர்களைக் கடந்து போயிற்று.

ஆரின் முழங்கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். லோர்னா அதை விடவில்லை.

"மூணு மணி வரைக்கும் செதுக்குவாங்க" என்றாள். "மூணு நிமிஷத்துக்கு ஒரு தரம் இங்கதான் வந்தாகணும் அவ. நில்லுங்க."